அது கடல் மைல், ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இதழில் மட்டக்களப்பு, யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டுக்கும் இடையில் 157 மைல், அதாவது 252 கிலோமீற்றர், பறக்க 20 நிமிடம் போதும் என்று போட்டிருந்தீர்கள். 157 சரி. மற்ற இரண்டும் பிழை.

விமானக்காரருடைய மைல் கடல் மைல், 1.852 கிலோமீற்றர். தெருவோரக் கல்லில் நாம் பார்த்த பழைய மைல் 1.609தான். கட்டுரை எழுதியவர் கடல் மைலைத் தரை மைல் என்று நினைத்துப் பெருக்கிவிட்டார். சரியாகப் பெருக்கினால் 291 கிலோமீற்றர் வரும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற அளவு தூரம் காணாமல் போய்விட்டது!

ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை, நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அகலாங்கில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, ஒரு கடல் மைல். மட்டக்களப்பு 7 பாகை 42 கலை, பலாலி 9 பாகை 47 கலை; ஆக வடக்கே 125 கடல் மைல். மேற்கே ஏறக்குறைய 95. அப்புறம் பைதகரசின் தேற்றம்தான். விடை 157. பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும்.

20 நிமிடம் எங்கிருந்து வந்தது? 252ஐ 800ஆல் வகுத்திருக்கிறார். 800 என்பது பெரிய ஜெட்டின் வேகம். 1958இல் திறந்து, நீண்ட காலம் விமானப்படையிடம் இருந்து, 2016இல் மறுபடி பொதுமக்களுக்கு விட்ட எங்கள் மட்டக்களப்புத் திமிலைதீவு ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுதான். பெரிய ஜெட் அதில் எப்படி இறங்கும்? இங்கே வந்து போவது செஸ்னா கரவான் மாதிரி ஒற்றை எஞ்சின் சிறு விமானம். அது மணிக்கு 300 கிலோமீற்றர் போனாலே பெரிய காரியம். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் பலாலிக்கு ஒன்றேகால் மணித்தியாலம் வைக்க வேண்டும். சென்னையிலிருந்து பலாலிக்கு வந்த ஏ.டி.ஆர். என்ற இரட்டை எஞ்சின் விமான ரகம் என்றால் முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல்.

கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்துக்கும் இதே கணக்குத்தான். 221 கிலோமீற்றர், சிறு விமானத்தில் ஐம்பது நிமிடத்துக்குக் குறையாது. உதயதேவி ரயிலில் எட்டு ஒன்பது மணித்தியாலம் இருந்து பழகியவர்களுக்கு அதுவே அதிசயம்தான். அதை ஏன் இன்னும் சுருக்க வேண்டும்?

என் மகள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். விடிய பஸ் ஏறினால் பின்னேரம்தான் போய்ச் சேரலாம். உங்கள் கட்டுரையைப் பார்த்த மனைவி, “அப்ப அவிச்ச புட்டு ஆற முதல் போயிரலாம் போலகா” என்றாள். வீட்டிலிருந்து ஓட்டோ, ஒரு மணித்தியாலம் முந்திப் போய் நிற்பது, பலாலியிலிருந்து யாழ் நகருக்கு இன்னும் பதினாறு கிலோமீற்றர் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். மூன்றரை மணித்தியாலம் வந்தது. அவள் நம்பவில்லை. பேப்பரில் போட்டிருக்கிறதாம்.

இனி இப்படி எழுதும்போது கிலோமீற்றரிலேயே போடுங்கள். எந்த விமானம் என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை மனைவி வெட்டிக் கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். வரும் ஞாயிறு திருத்தம் வந்தால் அதையும் வெட்டிப் பக்கத்தில் செருக நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.