மழை உண்டு, மலை இல்லை

சிங்கப்பூர்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். "ஆழமான துறைமுகம் எங்கட திருகோணமலையில, கப்பல் எல்லாம் உங்கட சிங்கப்பூர்ப் பக்கம், இது என்ன நியாயம்?" என்று கேட்டிருந்தீர்கள். பாய்க்கப்பல் காலத்தில் வாடைக்காற்றுக்கு ஒதுங்கச் சோழமண்டலக் கரையில் இடமில்லை, நம் துறைமுகம்தான் புகலிடம். அதனால்தான் 1782இல் திருகோணமலை ஜனவரியில் ஆங்கிலேயர் கையிலும் ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக்காரர் கையிலும் போனது. இப்போது காற்றை யார் பார்க்கிறார்கள்? வழிதான் கணக்கு. கிழக்கு மேற்காக ஓடும் கப்பல் இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கால் போய்விடும். நம்மிடம் வர வடக்கே திரும்ப வேண்டும். சிங்கப்பூரோ மலாக்கா நீரிணையின் வாசற்படியில் இருக்கிறது. ஆகவே நமக்கு மிஞ்சுவது சீனக்குடா மாவாலைக் கோதுமை போல அங்கேயே இறக்க வேண்டிய சரக்கு.

ஆனால் துறைமுகத்தைவிட இந்தத் தீவுக்குப் பெரிய கவலை தண்ணீர். மழைக்குக் குறைவில்லை, வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர், நம்முடையதைவிட அதிகம். தங்கத்தான் இடமில்லை. ஆக உயரமான புக்கிட் தீமாவே 163 மீற்றர்தான். நம் தீவின் நடுவில் மலை நிற்பதால் இரண்டு பருவக் காற்றும் அதில் மோதிப் பெய்யும் மழை மகாவலியாகி, 335 கிலோமீற்றர் ஓடி மூதூர்ப் பக்கம் கடலில் விழுகிறது. இங்கே பெய்தது சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். 1962 உடன்படிக்கைப்படி மலேசியாவின் ஜொகூர் ஆற்றில் நாளுக்கு 250 மில்லியன் கலன் எடுக்கலாம். அதுவும் 2061 வரைதான்.

அதனால் 2008இல் இங்குள்ள ஆறுகளின் வாயையே மறித்து, மரீனா அணை கட்டினார்கள். நீளம் 350 மீற்றர், ஒன்பது இரும்புக் கதவுகள். கந்தளாய்க் குளத்து வான்கதவு மாதிரித்தான், ஒரு சிக்கல் மட்டும் கூட. கந்தளாயில் கதவுக்கு வெளியே எப்போதும் பள்ளம்; இங்கே வெளியே கடல், அது ஏறி இறங்கும். நம் ஊரில் வற்றுப்பெருக்கு முழங்கால் அளவு. இங்கே பறுவத்திலும் அமாவாசையிலும் மூன்று மீற்றர் வரை போகும். வற்று நேரத்தில் மழை கொட்டினால் கதவைத் தாழ்த்துவார்கள், மிச்சத் தண்ணீர் தானே வழிந்துவிடும். பெருக்கு நேரத்தில் தாழ்த்தினால் கடல் உள்ளே வந்துவிடும். அப்போது ஏழு பம்புகள் இறைக்கும், ஒவ்வொன்றும் செக்கனுக்கு 40 கன மீற்றர். உள்ளே கிடந்த பழைய உப்பை யாரும் பிரித்தெடுக்கவில்லை. மழை விழ விழ அதுவே கழுவி, 2010இல் நன்னீராயிற்று.

தீவின் ஆறிலொரு பங்கு நிலத்து மழை இதற்குள் வருவதால், தெரு வடிகானில் ஊற்றும் எண்ணெய் குடிதண்ணீரில் சேரும். கழிவறைத் தண்ணீருக்கு வேறு குழாய். 2003 முதல் அதையும் விடாமல் சுத்திகரிக்கிறார்கள்: நுண்வடி, பிறகு அழுத்தத்தில் சவ்வு வழியே தள்ளுதல், கடைசியில் புற ஊதாக் கதிர். தொல்லை தருவது சவ்வுதான். கிருமி வழுவழுப்பாகப் படிந்தால் அழுத்தம் கூட்ட வேண்டும், கரண்ட் செலவு ஏறும். படியாமலிருக்கக் குளோரீனைக் கூட்டினால் சவ்வே கெடும். பெரும்பகுதி தொழிற்சாலைக்குப் போகிறது, வறட்சியில் கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலப்பார்கள். மாமிக்கு இந்தப் பந்தியை வாசித்துக் காட்ட வேண்டாம்.

நிலாவெளிக் கிணற்றுக்குப் பெரிய மோட்டர் போடலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம். மணற்கரையில் நன்னீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டுதான் நிற்கிறது. மேலே நீர்மட்டம் ஓர் அடி இறங்கி அப்படியே நின்றால், அடியில் உப்பு 40 அடி வரை ஏறப் பார்க்கும். ஏறினால் அடுத்த மாரி வரை இறங்காமலும் போகலாம். சின்ன மோட்டர் போட்டு, காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் இறையுங்கள். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அன்றே நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
மருமகன்