மேசை வாடகை: கோமுவுக்கு ஒரு கடிதம்

வேலூர்

அன்புள்ள கோமு,

உன் பார்லர்ல ஒரு மேசையை வாடகைக்கு விட்டா எவ்வளவு வாங்கலாம்னு நீ கேட்டு ஒரு மாசம் ஓடிப்போச்சு. திட்டுறதை நேர்ல வந்து திட்டு. அத்தைக்கு முட்டிவலி தேவலையா? இங்க எல்லாரும் சௌக்கியம்.

விஷயத்துக்கு வரேன். நெயில் வேலைக்கு வர்ற பொண்ணுகிட்ட மேசைக்கு மாசம் 9,000 கேட்டியாமே! காந்தி நகர்ல பார்லர் வெச்சிருக்கியா, கோட்டை மைதானத்துல பொருட்காட்சி நடத்துறியா? சென்னையில அவ்வளவு வாங்குறாங்கன்னு ஆரம்பிக்காதே. சென்னைக் கடைக்குச் சென்னை வாடகை. உன் செலவைப் பிரிச்சாலே பதில் வந்துடும்.

கடை வாடகை 24,000, கரண்ட் 9,000, தண்ணி, நெட், கூட்டிப் பெருக்க 4,500, வரவேற்புல நிக்கிற பொண்ணுக்கு உன் பங்கு 7,500. மொத்தம் 45,000. கடை 480 சதுர அடின்னாலும் நடைவழி, கழிவறை, சோபா போக வேலைக்கு நிக்கிறது 300தான். அப்போ சதுர அடிக்கு 150. மேசை, ரெண்டு நாற்காலி, டிராலி எல்லாம் 6க்கு 5 அடியில அடங்கும். 30 சதுர அடி, 4,500 ரூபா. ஆள் மாறுற மாசம் மேசை சும்மா கிடக்குமே, அதுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 5,000ன்னு வை. அதுக்கு மேல கேட்கிறது நியாயமில்லடி.

அவ பக்கமும் போட்டுப் பாரு. ஒரு நாளைக்கு ரெண்டு கஸ்டமர், ஆளுக்கு 600, மாசம் 25 நாள்: 30,000. ஜெல் பாலிஷ், ஒட்டு நகம், அசிட்டோன், ஃபைல்னு 6,000 போகும். ஆடியில பாதிதான் வரும்: 15,000, அதுல பொருளுக்கு 3,000. நீ 9,000 வாங்கினா அவ கையில 3,000. அடுத்த மாசமே மூட்டை கட்டிடுவா. கூடவே அவ கஸ்டமரும் போயிடுவாங்க, அவங்க பேசியல் பண்ணிக்கிற காசும் போயிடும்.

கரண்ட் ரொம்ப இழுக்கும்னு சொன்னியாம். ஜெல் காய வைக்கிற 48 வாட் லேம்ப் தினம் நாலு மணி நேரம் எரிஞ்சாலும் மாசத்துக்கு அஞ்சு யூனிட் தாண்டாது. பில்லைத் தூக்குறது உன் ஏசி. உண்மையான செலவு காத்துல இருக்கு. வெயிலுக்குக் கதவை மூடிட்டு ஸ்ப்ளிட் ஏசி போட்டா அது உள்காத்தையேதான் சுத்தி விடும். நகத்துக்குப் போடுற அக்ரிலிக் வாடை பேசியல் கட்டில் வரைக்கும் வரும். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடு. சுவத்துல நிக்கிறது உன் பொறுப்பு. மேசையில வைக்கிற தூசி உறிஞ்சி அவளோடது, போகும்போது எடுத்துட்டுப் போகட்டும். அசிட்டோன் பாட்டிலை மட்டும் ஸ்ட்ரெயிட்னர் பக்கத்துல வைக்க விடாதே, பத்திக்கும்.

இப்ப வாடகையை ஏத்துறது எப்படின்னு பார்ப்போம். கட்டடக்காரர் அஞ்சு சதவீதம் ஏத்தினா உனக்கு 1,200 கூடும். அதை 300ஆல வகுத்தா அடிக்கு நாலு ரூபா, அவ பங்கு 120. கரண்ட் 900 கூடினா அவ பங்கு 90. ஆக 5,000ங்கிறது 5,200 ஆகும், அவ்வளவுதான். "வாடகை ஏறிடுச்சு"ன்னு ஒரே அடியா ஆயிரம் ஏத்தாதே. ஐப்பசியிலேயே எழுதிக் கொடுத்துடு, தையில இருந்து வாங்கு. முகூர்த்தம் ஆரம்பிச்சதும் அவளும் சமாளிச்சுடுவா. ஆடி, மார்கழி, வி.ஐ.டி. காலேஜ் லீவு மாசத்துல வாயே திறக்காதே. வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

இன்னொண்ணு, இதை விளையாட்டா எடுத்துக்காதே. வாடகையும் வாங்கிக் கமிஷனும் வாங்காதே. ரேட்டு, நேரம், லீவு எல்லாம் நீ முடிவு பண்ணினா அவ வாடகைக்கு வந்தவ இல்ல, சம்பளக்காரி. சம்பளமாவே கொடுத்துடு. வாடகைதான்னா ஒரு தாள்ல எழுது: மேசையை உபயோகிக்க அனுமதி, இடத்துல எந்த உரிமையும் இல்ல. இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882, பிரிவு 52 சொல்ற அனுமதி இதுதான். அட்வான்ஸ் ரெண்டு மாசம், விலகணும்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லணும். ஆனா அதுக்கு முன்னாடி உன் கடை அக்ரிமெண்டை எடுத்துப் படி. உள்வாடகை கூடாதுன்னு வரி இருந்தா, கட்டடக்காரர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்காம ஒரு ரூபாகூடத் தொடாதே. அவர் வாய்ச்சொல் எப்படின்னு உனக்கே தெரியும்.

பெடிக்யூர் நாற்காலிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. தண்ணி, வடிகால் தனி. அது எவ்வளவு இடம் அடைக்குதுன்னு டேப் வெச்சு அளந்து, மூணு மாசக் கரண்ட் பில்லோட அனுப்பு. போட்டுத் தரேன்.

உன்
பானு