அரையாண்டு நிகழ்வுகளும் கோட்டை மலையும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறோம், பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கலைத் திருவிழாவில் பரிசுகள் வந்தன, விளையாட்டிலும் நம் பிள்ளைகள் சோடை போகவில்லை. எட்டாம் வகுப்பினர் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்குத் தயாராகிறார்கள். தேர்வானால் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், ஆகவே மாலை வகுப்புக்குத் தவறாமல் அனுப்புங்கள். பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு அட்டவணை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது.

இனி, கோட்டை மலை.

சுற்றுச்சூழல் மன்றத்தின் சார்பில் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இராயக்கோட்டை மலைக்கு அழைத்துச் சென்றோம். நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம்தான். ஏற்காட்டுக்கும் ஒகேனக்கலுக்கும் போகும் கூட்டம் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. உச்சியில் நின்றால் நாலாபுறமும் மறைப்பே இல்லை: காலடியில் ஊர், தக்காளித் தோட்டங்கள், தருமபுரியிலிருந்து ஓசூர் போகும் ரயில் பாதை, அதற்கப்பால் குன்றுக்குப் பின் குன்று. பாரமகால் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்திலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறும் வழியை இங்கிருந்தே கண்காணிக்கலாம். 1791இல் ஆங்கிலப் படை இந்தக் கோட்டையைப் பிடிக்க ஏன் அத்தனை முனைந்தது என்பது பாடப்புத்தகத்தில் புரியாத பிள்ளைக்கும் அங்கே புரிந்துவிடுகிறது.

அதனால் மீண்டும் போக ஆசைப்படுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கைந்து பேராகச் சேர்ந்து, பெரியவர் யாரும் இல்லாமல் ஏறுகிறார்கள் என்று தெரியவந்துள்ளது. தக்காளியை மண்டிக்குக் கொண்டுபோக விடியுமுன்பே கிளம்பும் வீடுகளில் பிள்ளை எப்போது போனான், எப்போது வந்தான் என்று தெரிய வழியில்லை. டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. பொங்கலுக்குத் தொடர்ந்து விடுமுறை வருகிறது, அதற்குள் பேசிவிட வேண்டும் என்றுதான்.

முதல் கவலை சுனைகள். கிணற்றில் குதித்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு அங்கேதான் ஆபத்து அதிகம். கிணற்றில் படி இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கல் இருக்கிறது. சுனையின் ஓரத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே பாசி படிந்திருக்கும். நீச்சல் தெரிந்தவனும் கைப்பிடி கிடைக்காமல் சோர்ந்துபோவான். ஒருவர் விழுந்தால் இன்னொருவர் குதிக்கக் கூடாது, கரையில் குப்புறப் படுத்துத் துண்டையோ துப்பட்டாவையோ முறுக்கி வீச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் பதறாமல் அதைச் செய்ய ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது இறக்கம். ஏறும்போது விழுபவர்கள் குறைவு. இறங்கும்போது தொடை தளர்ந்திருக்கும், உடம்பின் பாரம் முழுவதும் முன்காலில் இறங்கும், மெல்லிய சரளை படிந்த பாறையில் அந்தக் கால் வழுக்கும். மழைக்குப் பிறகும் அதிகாலைப் பனியிலும் வெறும் பாறையே வழுக்கும். முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுவதும் பதியும்படி சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். ஓடி இறங்குவதே கூடாது. தேய்ந்த ஹவாய் செருப்பு வேண்டாம். பள்ளி ஷூவின் அடியும் மழமழவென்று தேய்ந்திருந்தால் அதுவும் உதவாது. இரண்டு கையும் சும்மா இருக்கும்படி முதுகுப்பைதான் கொண்டுபோக வேண்டும். கோட்டைச் சுவர் மேல் ஏறி செல்ஃபி எடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: காரை உதிர்ந்த இடத்தில் செடியின் வேர் கல்லை நெம்பியிருக்கும், பார்வைக்குத் தெரியாது.

மார்கழி, தைக் குளிரில் பிள்ளைகளுக்குத் தாகம் தெரிவதில்லை. பத்து மணிக்கு மேல் பாறை சூடேறியதும் தலைவலியும் குமட்டலும் வரும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். பாதி தீர்ந்தால், எந்த இடமாக இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். கலகலப்பான பிள்ளை திடீரென்று சிடுசிடுத்தாலோ பேச்சைக் குறைத்தாலோ நிழலில் உட்காரவைத்து ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) கரைத்துக் கொடுங்கள். பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கக் கூடாது. சிப்ஸ் பொட்டலம் குரங்கை அழைக்கும். வாழைப்பழமும் கடலைமிட்டாயும் பைக்குள் மூடியிருக்கட்டும்.

ஒரு விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிலர் மலையடிவாரத்துக்கு மூன்று பேராக பைக்கில் வருகிறார்கள். 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டினால், 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்றால், அதை நிரூபிக்க வேண்டியவரும் நீங்கள்தான். அதேபோல், கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சுவரில் பெயர் செதுக்கிச் சிதைத்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த இரண்டில் எது நடந்தாலும் பள்ளி பரிந்து பேசாது.

கடுமையாக எழுதியதாக நினைக்க வேண்டாம். விடுமுறையில் நீங்களே ஒருநாள் கூட்டிப்போங்கள். ஆறரைக்குக் கிளம்பி, பத்து மணிக்குள் கீழே வந்துவிடலாம். பனி விலகாவிட்டால் ஏழு ஆகட்டும். சென்ற முறை மார்க்கெட் வேலையை விட்டுவிட்டுத் துணைக்கு வந்த அப்பாக்களுக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வேர்க்கடலை வேகவைத்து அனுப்பிய அம்மாக்களுக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இல்லாமல் அந்தப் பயணம் நடந்திருக்காது.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை மீண்டும் செல்கிறோம். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் வீதம் தேவை. வர முடிந்தவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். ஒப்புதல் படிவத்தில் தாய், தந்தை அல்லது காப்பாளர் மட்டுமே கையெழுத்திட வேண்டும். அண்ணன்மார் கையெழுத்து எங்களுக்கு நன்றாகவே தெரியும், அவர்களும் இங்கே படித்தவர்கள்தானே.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்