உடைப்பதற்கு முன் கொஞ்சக் காலம் இருந்து பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

லீட்ஸ் வீட்டின் சாவி கைக்கு வந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். மிகவும் சந்தோஷம். நீ அனுப்பிய வரைபடத்தை அப்பாவும் நானும் மேசையில் விரித்து வைத்து நெடுநேரம் பார்த்தோம். நடுச்சுவரை எடுப்பது, ஃபயர்பிளேஸ் இரண்டையும் அடைப்பது, ஹாலில் இருக்கும் பழைய டைல்ஸைக் கழற்றுவது, பின்வளவு முழுவதும் சீமெந்து போட்டு இரண்டு கார் நிறுத்துவது. எல்லாம் உன் விருப்பம். ஆனால் வேலை தொடங்குவதற்கு முன் நான் சொல்வதை ஆறுதலாகக் கேள். போனில் இவ்வளவும் சொல்லி முடிக்க முடியாது.

ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்குத் தெற்கே ஸ்டேண்டன் என்று ஒரு வீடு இருக்கிறது. இங்கிலாந்தின் தெற்கே, எங்கள் க்ரோலியில் இருந்து கிட்டத்தான். இப்போது பழைய வீடுகளையும் தோட்டங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் பொறுப்பில், பார்வையாளர்களுக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். நானும் அப்பாவும் போய் வந்தோம். உன் வரைபடத்தைப் பார்த்ததில் இருந்து அந்த வீடுதான் எனக்கு மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கட்டியது 1890களின் தொடக்கத்தில். ஜேம்ஸ் பீல் என்ற லண்டன் வழக்கறிஞர், மனைவி மார்கரெட், ஏழு பிள்ளைகள். மிட்லண்ட் ரயில்வேயின் சட்ட வேலைகளைப் பார்த்துச் சேர்ந்த பணம். வார இறுதிக்கும் ஓய்வு காலத்துக்கும் என்று பழைய பண்ணை நிலங்களை வாங்கினார்கள். வீட்டை வரைந்தவர் ஃபிலிப் வெப். வில்லியம் மாரிஸின் நெருங்கிய நண்பர். வால்பேப்பருக்கும் துணிக்கும் கோலங்கள் வரைந்து, கைவினையைத் தூக்கிப் பிடித்த 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' இயக்கத்துக்கு முன்னோடியாக இருந்தவர் மாரிஸ். மாரிஸ் கல்யாணம் முடித்ததும் குடிபோன ரெட் ஹவுஸை வரைந்தவரும் இவர்தான். வெப் செய்த கடைசிப் பெரிய வீடு ஸ்டேண்டன்.

அந்த நிலத்தில் ஏற்கெனவே ஒரு பழைய பண்ணைவீடும் களஞ்சியமும் நின்றன. கையில் பணம் இருக்கிறது, பெரிய வீடு கட்டப்போகிறார்கள். வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே அவற்றை இடித்துத் தள்ளியிருப்பார்கள். வெப் அவற்றைத் தொடவில்லை. பழைய கட்டடங்களை நடுவில் ஒரு புல்முற்றத்தோடு அப்படியே விட்டு, புது வீட்டை அவற்றுக்குப் பக்கத்தில் பொருத்தினார். முற்றத்தில் நின்று பார்த்தால் பண்ணைவீடு முந்தியா, பெரிய வீடு முந்தியா என்று சட்டென்று சொல்ல முடியாது. பழைய கட்டடங்களைப் 'புதுப்பிக்கிறோம்' என்று சிதைத்துவிடக் கூடாது என்பதற்காக 1877இல் மாரிஸும் வெப்பும் சேர்ந்து ஒரு சங்கமே தொடங்கினார்கள். மற்றவர்களுக்குச் சொன்னதைத் தன் வேலையிலும் செய்து காட்டிய மனிதர் வெப்.

கல்லும் அந்த மலைச்சரிவில் எடுத்த மணற்கல்தான். கல், செங்கல், ஓடு பதித்த சுவர், பலகை அடித்த முகடுகள் என்று அந்தப் பக்கத்து ஊர்களின் பழைய வீடுகளில் இருக்கும் எல்லாமே அதில் இருக்கிறது. இத்தனையும் ஒரே வீட்டில் வைத்தால் கண்ணுக்குக் குழப்பமாக இருக்கும் என்று நினைப்பாய். அப்படி இல்லை. தோட்டப் பக்கம் இறங்கி நின்று ஐந்து பலகை முகடுகளையும் ஒன்றாகப் பார்த்தபோது, இது இந்த மண்ணுக்குரிய வீடு என்றுதான் எனக்குத் தோன்றியது.

உள்ளே போனால் இன்னும் வடிவு. பழைய காலத்து வீடு, இருட்டாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். தொடக்கத்திலேயே மின்விளக்கோடு கட்டியிருக்கிறார்கள்! பென்சன் என்பவரின் பட்டறையில் செய்த செப்பு, பித்தளை விளக்குகள் இன்னும் இருக்கின்றன. வரவேற்பறையில் விளக்குகளுக்குப் பின்னால் சூரியகாந்திப் பூ புடைத்து நிற்கும் செப்புத் தகடுகள், வரைந்தது வெப். வெளிச்சம் அந்தச் செம்பில் பட்டுத் திரும்பும்போது அறை முழுவதும் இளஞ்சூடாகத் தெரிகிறது. புது வசதி வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, தம்பி. வந்த வசதியை அழகாகச் செய்துகொண்டார்கள். நீயும் ஹீட்டிங் போடு, நல்ல ஜன்னல் போடு, நான் தடுக்கவில்லை.

சுவரெல்லாம் மாரிஸின் வால்பேப்பர்கள். வில்லோ இலை, லார்க்ஸ்பர் பூ என்று அறைக்கு ஒரு கோலம். ட்ரெல்லிஸ் என்று ஒன்று, மரச்சட்டத்தில் படரும் ரோஜாவும் இடையில் பறவைகளுமாக. 1862இல் மாரிஸ் வரைந்தது. தான் வரைந்த பறவைகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. அதனால் பறவைகளை வெப் வரைந்து கொடுத்தார். இரண்டு நண்பர்களின் கை ஒரே தாளில். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மர அச்சு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கையால் பதிப்பார்களாம். ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்தது.

இதையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. மாரிஸின் ஆரம்பகாலத் தாள்களின் பச்சையில் ஆர்செனிக் நஞ்சு இருந்தது. அவருடைய குடும்பச் சொத்தும் ஒரு செப்புச் சுரங்கத்தின் பங்குகள்தான். அதே சுரங்கம் பின்னர் ஆர்செனிக்கை ஏராளமாக எடுத்தது. பிறகு அவருடைய தாள்கள் ஆர்செனிக் இல்லாமல் வந்தன. கைவேலை எல்லோருக்கும் சேர வேண்டும் என்று பேசியவரின் பொருட்களை வாங்க முடிந்ததோ பீல் குடும்பம் போன்றவர்களால்தான். இது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் இயந்திரத்தில் குவிந்து வந்த மலிவுச் சாமான்களைப் பார்த்து, செய்கிறவனுக்கும் அந்த வேலையில் மகிழ்ச்சி இருக்க வேண்டும் என்று அவர் கேட்டது சரியான கேள்வி. தையல் மெஷினுக்கு முன்னால் இத்தனை வருடம் இருந்த எனக்கு அது நன்றாக விளங்கும்.

தையல் என்றதும் மார்கரெட் நினைவுக்கு வருகிறார். அவரும் மகள்மாரும் மாரிஸ் கம்பெனியின் கோலங்களை வைத்துக் கையாலேயே பெரிய திரைகளில் பூவேலை செய்திருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். பட்டு நூலின் திசையை மாற்றி மாற்றித் தைத்து, ஒரே நிறத்திலேயே வெளிச்சமும் நிழலும் காட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. அப்பா முன்னால் போய், பிறகு என்னைத் தேடித் திரும்பி வந்தார்.

தோட்டம் சரிவில் ஏறக்குறைய 12 ஏக்கர். அதுவும் பெரும்பாலும் மார்கரெட்டின் கையால் வந்தது. வெப் வருவதற்கு முன்பே ஒரு லண்டன் தோட்டக்காரரைக் கொண்டு திட்டம் போட்டார்கள். வெப்புக்கு வேறு எண்ணம். இரண்டும் கலந்துதான் இப்போது இருக்கும் தோட்டம். மார்கரெட் தோட்டத்துக்கென்றே ஒரு நாட்குறிப்பு வைத்து, என்ன நட்டார், எது பிழைத்தது என்று எழுதி வந்தார். பின்னாளில் நேஷனல் டிரஸ்ட் தோட்டத்தைத் திருத்தியபோது அந்தக் குறிப்புகள் கைகொடுத்தன. கல் வெட்டிய பள்ளத்தை மூடி மறைக்காமல், பன்னமும் பாசியும் வளரும் குளிர்ந்த மூலையாக விட்டிருக்கிறார்கள். எனக்கு முழுத் தோட்டத்திலும் பிடித்த இடம் அதுதான். மேலே நின்றால் ஆஷ்டவுன் காடு வரை தெரிகிறது.

1972இல் கடைசியாக இருந்த மகள் ஹெலன் இறந்தபோது வீட்டை நேஷனல் டிரஸ்ட்டுக்கு எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் விக்டோரியா காலத்து வீடு என்றால் இங்கே பலருக்கு இளக்காரம். ஆர்தர் க்ரோகன் என்பவரும் அவர் மனைவியும் இந்த வீட்டுக்காகப் பாடுபட்டு, அங்கேயே குடியிருந்து, பொருத்தமான தளபாடங்களைத் தேடிச் சேர்த்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நான் எதைப் பார்த்திருப்பேன்?

இது வெள்ளைக்காரர் கதை, நமக்கென்ன என்று நினைக்காதே. ஆனந்த குமாரசுவாமியின் பெயர் உனக்குத் தெரியும்தானே? தகப்பன் முத்து குமாரசுவாமி நம்முடைய தமிழர், தாய் ஆங்கிலேயர். ஆனந்த 1877இல் கொழும்பில் பிறந்தார். இலங்கையில் கனிம ஆய்வு அதிகாரியாக ஊர் ஊராகப் போனபோது, கைவினைஞர்களின் தொழில் அழிந்துகொண்டிருப்பதைக் கண்டார். பிறகு இங்கே க்ளோஸ்டர்ஷயரில், பாழடைந்து கிடந்த ஒரு நார்மன் காலத்துச் சிறு தேவாலயத்தை மாரிஸின் அதே கைவினை இயக்கத்தைச் சேர்ந்த ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு பழுது பார்த்து வீடாக்கிக் குடியிருந்தார். இலங்கையின் பழைய கைவினைகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1908இல் வெளிவந்தது. அது அச்சானது மாரிஸ் வைத்திருந்த அதே அச்சுப்பொறியில்.

சரி, உன் வீட்டுக்கு வருகிறேன். நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் அந்த வீட்டில் அப்படியே இருந்து பார். காலையில் எந்த ஜன்னலில் வெயில் வருகிறது, எந்த அறையில் நீயாகவே போய் உட்காருகிறாய் என்று பார்த்துக்கொள். நடுச்சுவர் உண்மையிலேயே இடைஞ்சலாக இருந்தால் பிறகு எடுக்கலாம். ஹால் டைல்ஸைக் கழற்றாதே, உடைந்ததை மட்டும் மாற்றலாம். ஃபயர்பிளேஸைப் பலகை வைத்து மறைத்தாலும் பரவாயில்லை, இடிக்க வேண்டாம். பின்வளவில் அந்த ஆப்பிள் மரம் படத்தில் தெரிகிறது. வேரைச் சுற்றிச் சீமெந்து போட்டால் பட்டுப்போய்விடும். ஒரு காருக்கு இடம் விட்டு மிச்சத்தை மண்ணாகவே விடு. வசந்தத்தில் வந்து நானே நட்டுத் தருகிறேன்.

வேலைக்காரருக்கு இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை என்றால் இந்த மாதம் கொடுக்காதே. ஏப்ரல் கடைசியில் இரண்டு நாள் லீவு எடுத்து இங்கே வா. ஸ்டேண்டனில் அப்போது ஆயிரக்கணக்கில் டூலிப் பூத்திருக்கும், மூன்று பேருமாகப் போவோம். வரும்போது வரைபடத்தையும் கொண்டு வா, அப்பா பென்சிலால் சில இடங்களில் குறித்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா