வடகொழும்பை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பின் பழைய பாடசாலைக் கட்டிடங்களைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். தூண்களும் விறாந்தைகளும் படத்தில் நல்ல அழகு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் றீட் மாவத்தை, பொரளை, கல்கிசை என்று சுற்றிவிட்டு வடகொழும்புப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லையே! நான் முகத்துவாரத்துக்காரன், பேசாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் சுற்றிய இடங்களில் உள்ள பெரிய கல்லூரிகள் அங்கே பிறந்தவையல்ல. றோயல் கல்லூரி றீட் மாவத்தைக்குக் குடிவந்ததே 1923இல்தான். 1835இல் ஜோசப் மார்ஷ் பாதிரியார் ஹில் வீதியில் தொடங்கியது, அடுத்த வருடமே அரசாங்கப் பள்ளியாகி, புதுக்கடைப் பக்கம் சென் செபஸ்தியன் குன்றில் நெடுங்காலம் இருந்து, 1913இல் தேர்ஸ்டன் வீதிக்குப் போய் (அந்தக் கட்டிடம் இப்போது பல்கலைக்கழகத்திடம்), பத்து வருடத்தில் மறுபடியும் மூட்டை கட்டியது. வெஸ்லி 1874இல் புறக்கோட்டை டாம் வீதியில் பிறந்து 1907இல் பொரளைக்குப் போனது.

எங்கள் ஊர்க் கதை இன்னும் சுவாரசியம். பிஷப் சப்மன் 1851இல் சென் தோமஸ் கல்லூரியைத் தொடங்கியது முகத்துவாரத்தில். அப்புறம் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் வந்தது, நீராவிக் கப்பல்கள் குவிந்தன, கூடவே நிலக்கரி. வெள்ளை வேட்டியைக் காலையில் கொடியில் போட்டு மத்தியானம் எடுத்தால் மடிப்பெல்லாம் கரி படிந்திருக்கும் என்று அப்பப்பா சொல்லுவார். 1918இல் கல்லூரியைக் கல்கிசைக்கு விரட்டியதும் அந்தக் கரித்தூள்தான். பிஷப் கட்டிய கிறைஸ்ட் சேர்ச் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. 1973 வரை அதுதான் கொழும்பு அங்கிலிக்கன் சபையின் பேராலயம், இன்றும் ஆராதனை நடக்கிறது.

கரியை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. காசுள்ளவர்கள் கொழும்பு 7, கறுவாத்தோட்டப் பகுதிக்குப் போனார்கள், பள்ளிக்கூடங்களும் பின்னாலேயே தெற்கே போயின, இது என் கணக்கு. 1907க்கும் 1923க்கும் இடையில், பதினாறே வருடத்தில், மூன்று பெரிய கல்லூரிகள்! 1865இல் தொடங்கிய புனித பெனடிக்ட் கல்லூரி மட்டும் எங்கள் பக்கத்துக் கொட்டாஞ்சேனையை விட்டு அசையவில்லை. உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

சரி, அடுத்த முறை புகைப்படக்காரரை இந்தப் பக்கமும் அனுப்புங்கள். முகத்துவாரத்தில் கல்லூரி இருந்த காலத்துப் படம் வாசகர்கள் யாரிடமாவது இருந்தால் அதையும் வாங்கிப் போடுங்கள். எந்த வளவில் வகுப்பறைகள் இருந்தன என்று கேட்கிற பேரனுக்குக் கையை நீட்டிக் காட்டத்தான் என்னால் முடிகிறது.

ஒரு பழைய வாசகன்,
முகத்துவாரம், கொழும்பு 15