வழியில் வீடு கட்டியது மழை அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வயநாட்டு நிலச்சரிவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் பத்திக்குப் பத்தி 'இயற்கைப் பேரிடர்' என்று வருவதுதான் உறுத்துகிறது. பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். சிவப்பு மையைத் தேடும் புத்தி இன்னும் போகவில்லை.

மலைச்சரிவில் பாறைக்கு மேல் ஆழமாக மண் படிந்திருக்கிறது. நாள் கணக்கில் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, மண்ணின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. ஒரு கட்டத்தில் மண்ணும் கல்லும் மரமுமாக ஓடையின் வழியே கீழே வருகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆள் குடியேறும் முன்பே நடந்து வருவதுதான் இது. இதை இடர் என்று சொல்லலாம். ஆளில்லாத சோலைக்குள் சரிந்தால் செய்திகூட வராது. அது வரும் வழியில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தால்தான் பேரிடர்.

எங்கள் நீலகிரியில் அவலாஞ்சி என்றொரு இடம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் நடந்த ஒரு பெரிய மண்சரிவால் (ஆங்கிலத்தில் 'அவலாஞ்ச்') வந்த பெயர் அது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அங்கே ஒரே நாளில் 82 செ.மீ. மழை. மலை பல இடங்களில் கிழிந்து செம்மண் தெரிந்தது. சுற்றிலும் பெரும்பாலும் காடும் அணையும்தான், வீடுகள் குறைவு. அதே நாளில் வயநாட்டின் புத்துமலையிலும் மலை இறங்கியது. அங்கே 17 உயிர்கள் போயின. அப்புறம் 2024 ஜூலை 30, விடிவதற்கு முன், புத்துமலைக்குப் பக்கத்திலேயே முண்டக்கையும் சூரல்மலையும். 250 பேருக்கு மேல் இறந்தார்கள். இடையில் இருந்த ஐந்து வருடத்தில் என்ன செய்தார்கள் என்றும் உங்கள் கட்டுரை கேட்டிருக்கலாம்.

யார் சாகிறார்கள் என்பதையும் பாருங்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் இறந்த 70 பேரும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். இரவில் சரிந்தது, வெளியுலகுக்குத் தெரிந்தது மறுநாள் காலையில்தான். 2014 அக்டோபரில் இலங்கையின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் புதைந்ததும் தோட்டத் தொழிலாளர் வீடுகள்தான். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு மூணாறில் லயம், வயநாட்டில் பாடி, இலங்கையில் லயன் என்று பெயர். பெயர்தான் வேறு. அந்த இடத்தைத் தொழிலாளி தேர்ந்தெடுக்கவில்லை, தோட்டம் கொடுத்தது.

'இயற்கை' என்று எழுதிவிட்டால் இதையெல்லாம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சௌகரியமான சொல்!

ஒரு வேண்டுகோள். எந்தச் சரிவு எவ்வளவு ஆபத்தானது என்று இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் வரைபடம் போட்டு வைத்திருக்கிறது. அடுத்த முறை மலைப்பகுதிச் செய்தி போடும்போது மழை அளவோடு அந்த வரைபடத்தையும் போடுங்கள். இடிந்த வீடு அதில் எந்த நிறத்தில் இருந்தது, அங்கே கட்ட அனுமதி கொடுத்தது எந்த வருடம் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
குன்னூர்