பாசியை அள்ளப்போவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கழிவுநீரைப் பாசியால் சுத்தம் செய்வது பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் குளத்தில் பாசியை விட்டால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்கிற தோரணையில் எழுதியிருந்தது சரியில்லை. செம்பனை (பாமாயில்) ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

கழிவைத் தின்பது பாக்டீரியா. அதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெயிலில் பாசி தயாரித்துக் கொடுக்கிறது. பதிலுக்கு பாக்டீரியா விடும் கரியமிலவாயுவையும், தண்ணீரில் இருக்கும் அம்மோனியா, பாஸ்பேட்டையும் எடுத்துக்கொண்டு வளர்கிறது. காற்றடிக்கும் மோட்டாருக்கு ஆகும் கரண்ட் செலவு மிச்சம். கலிபோர்னியாவில் பொறியாளர் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களிலேயே இதற்கென்று ஆழமில்லாத குளங்களை வடிவமைத்தார். இங்கே மலேசியாவிலும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாங் சியூ மொய் குழுவினர் ரப்பர், சாகோ ஆலைக் கழிவுநீரில் பாசி வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, இது புதுசும் இல்லை, வெயிலுக்கு நமக்குப் பஞ்சமும் இல்லை.

அப்புறம் என்ன தடை? அள்ளுவதுதான். குளோரெல்லா என்ற நுண்பாசியின் செல் ஒன்றின் அளவு சில மைக்ரான். துணியில் வடிகட்டினால் தண்ணீரோடு சேர்ந்து ஓடிவிடும். லேசில் அடியில் படியவும் படியாது. படிகாரம் போன்ற எதையாவது போட்டுத் திரட்ட வேண்டும், இல்லையென்றால் இயந்திரத்தில் சுழற்றிப் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் காசு. அள்ளாமல் விட்டாலோ, பாசி செத்து அழுகி, உறிஞ்சியதையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

இன்னொன்று. பாசிக் குளத்தை மத்தியானம் அளந்தால் ஆக்சிஜன் பிரமாதமாக இருக்கும். விடிவதற்கு முன் அதே இடத்தில் மீட்டரை இறக்கிப் பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். இருட்டில் பாசியும் சேர்ந்தல்லவா ஆக்சிஜனைச் செலவழிக்கிறது! சோதனைக்கு வருகிறவர்கள் எந்த நேரத்தில் வருவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

செம்பனை ஆலையிலிருந்து வெளியேறும் கழிவைப் பாக்டீரியா தின்று முடிக்க லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் ஆக்சிஜன் கேட்கும். கடும் பழுப்பு நிறம், வெளிச்சமே உள்ளே இறங்காது. காற்றில்லாக் குளங்களில் முதலில் செரித்து முடித்த பிறகு, கடைசிக் குளங்களில்தான் பாசிக்கு வேலை. இங்குள்ள சுங்கை பினாங்கு ஆற்றிலும் ஜூரு ஆற்றிலும் நேராகப் பாசியை விடலாம் என்ற யோசனையை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஓடுகிற ஆற்றில் விட்டதைத் திரும்ப அள்ளவே முடியாது. சாப்பாட்டுக் கடை எண்ணெயை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றுவதை நிறுத்தினாலே பாதி நிம்மதி.

இனி யாராவது பாசித் திட்டம் என்று அறிவித்தால், உங்கள் நிருபர் ஒன்றைக் கேட்கட்டும்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோ அள்ளுவீர்கள், அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்? மீன் தீவனம் என்று பதில் வந்தால், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்றும் கேட்கச் சொல்லுங்கள். தொழிற்சாலைக் கழிவில் வளரும் பாசி ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் சேர்த்தே உறிஞ்சி வைத்திருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
நிபோங் திபால், பினாங்கு